துரைக்கு இன்னும் பசிக்கிறது

அரசவைக் கதைகளில் மன்னர் வருவார், தூதர் வருவார். இருவருக்கும் நடுவே நின்று தொண்டை வறளப் பேசிய மொழிபெயர்ப்பாளர் மட்டும் வரமாட்டார். அவர் பெண்ணென்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் கதையில் வருகிறாள். பெயர் அஞ்சுகம். மலையடிவாரத்து மிளகுத் தோட்டக்காரர் ஒருவரின் மகள்.

ஐரோப்பாவிலிருந்து வந்த தூதர் ஹென்ரிக் துரை, சேந்தன் மன்னரின் கடற்கரை நாட்டுக்கு ஒரு கப்பல் நிறையக் கம்பளித் தொப்பிகளை உதவியாகக் கொண்டுவந்தார். இனாம்! பதிலுக்கு நாட்டின் மிளகு முழுவதையும் அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே விற்க வேண்டும், அவ்வளவுதான்.

"சித்திரை வெயிலில் இது எதற்கு, துரை?" என்றாள் அஞ்சுகம்.

"உங்கள் தேவையை எங்கள் நிபுணர் குழு ஆராய்ந்து முடிவு செய்தது, அம்மணி."

"இங்கே வந்தா?"

"எங்கள் ஊரிலிருந்தேதான். அப்போது அங்கே நல்ல பனி."

மன்னருக்கோ தொப்பி பிடித்துப்போயிற்று. காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வேர்வை வழிய, "கொடுப்பதை வேண்டாமென்பது மரியாதையா? விருந்து முடிந்ததும் ஒப்பந்தத்தில் முத்திரை வைக்கிறேன்" என்றார்.

அந்த முத்திரையோடு அப்பனின் தோட்டம் போய்விடும். அஞ்சுகம் நேரே மடைப்பள்ளிக்குப் போனாள்.

அந்த அரண்மனையில் இலையை மூடினால்தான் பரிமாறுவது நிற்கும். "போதும்" என்பதை வெறும் கூச்சமாகவே எடுத்துக்கொள்வார்கள். துரைக்கு இது தெரியாது. தட்டில் பருக்கை மிஞ்சினால் பாவமென்று அவருடைய தாயார் வளர்த்திருந்தாள். இலையைத் துடைத்தாற்போல் தின்று வைத்தார். காலியான இலையில் சோறு விழுந்தது. தின்றார். மறுபடி விழுந்தது.

"போதும், அம்மணி!"

"கூச்சப்படாதீர்கள், துரை. உங்கள் பசியை எங்கள் சமையற்காரர்கள் கூடி ஆராய்ந்துவிட்டார்கள்."

"என்னைப் பார்க்காமலா?"

"அடுப்படியிலிருந்தேதான். அப்போது அவர்களுக்கு நல்ல பசி."

அதிரசம் வந்தபோது துரையின் இடுப்புவார் அறுந்தது. பாயச அண்டா நெருங்கியது.

"அநியாயம்!" என்று அலறினார். "என் வயிற்றுக்கு எது வேண்டுமென்று என்னையல்லவா கேட்க வேண்டும்? கேட்காமல் திணிப்பதற்குப் பெயர் உபசாரமா?"

அஞ்சுகம் ஒரு சொல்லும் விடாமல் அதை மன்னருக்கு மொழிபெயர்த்தாள். அவள் வேலை அதுதானே.

மன்னர் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"துரை சொல்வது நியாயம்! எங்களையும் கேட்டிருக்க வேண்டும். முத்திரை கிடையாது. மிளகு வேண்டுமென்றால் சந்தைக்கு வந்து, எல்லாரையும்போலப் பேரம் பேசி வாங்கட்டும்."

அதையும் மொழிபெயர்த்து, துரை தலையசைத்த பிறகுதான், இலையை எப்படி மூடுவதென்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள் அஞ்சுகம்.

மன்னர் அவளை வாணிக அமைச்சராக்கினார். கிழவியாகும்வரை தூதர்களிடம் அவளே பேரம் பேசினாள். தோற்றதாகத் தகவல் இல்லை.