மாரிக்கனி விட்ட பிடி

ஒரு பிடியால் இரண்டு ஊர் முட்டிக்கொண்ட கதை இது. முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அம்மன் கோயில் கொடை விழாவில் பெண்கள் கபடி, புளியடி ஊருக்கும் ஓடைக்கரை ஊருக்கும். புளியடி அணியில் இடது மூலையில் நிற்பவள் மாரிக்கனி. ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பாள். பதிலை ஊர் அதிரச் சொல்வாள். "மெதுவாப் பேசுட்டி" என்றால், "நீ காதைப் பொத்திக்கோ" என்பாள்.

ஆட்டத்தின் நடுவே ஒரு வம்பு. விசில் ஊதிய பிறகும் பிடியை விடவில்லை என்று நடுவர் தங்கப்பாண்டி அவளிடம் வந்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டே என்னவோ சொன்னார்.

"அதை எடுத்துட்டுப் பேசுங்க சார், உதடு தெரியல!"

கூட்டம் சிரித்தது. நடுவருக்குச் சுருக்கென்றது. "இன்னொரு தரம் இப்படிப் பிடிச்சே, வெளிய அனுப்பிருவேன்!"

கடைசிப் பாட்டு. இரு பக்கமும் சமம். ஓடைக்கரை ஜெபராணி "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு வந்தாள். அவள் பாடினால், கோட்டைச் சுற்றி நிற்கும் அவள் ஊர்க்காரர்களும் கூடவே பாடுவார்கள். அன்று தொண்டை கிழியப் பாடினார்கள். மாரிக்கனி பாய்ந்து அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டிப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். ஜெபராணியின் முகம் மண்ணில் புதைந்தது.

சட்டென்று மாரிக்கனி பிடியை விட்டுக் கையை உயர்த்தினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் தளர்ந்தார்கள். ஜெபராணி ஊர்ந்துபோய் நடுக்கோட்டைத் தொட்டாள். வெற்றி ஓடைக்கரைக்கு என்றார் நடுவர்.

"ஏம்ட்டி விட்டே?" தலைவி இசக்கியம்மாள் அழுதாள். "விசில் வரைக்கும் பிடிக்க வேண்டாமா? இனிமே உன்ன டீம்ல யாரு சேப்பா?"

"மூச்சு வாங்கிட்டா. அப்பவே அவுட்டு."

"பாட்டைக் கடைசிவரை என் காதால கேட்டேன்" என்றார் நடுவர். "கேக்காதவ சாட்சி சொல்லுதியோ?"

கேட்டேன் என்கிறார் நடுவர். விட்டது தப்பு என்கிறாள் தலைவி. மூச்சு அறுந்தது என்கிறாள் மாரிக்கனி. இதில் யார் சொன்னது சரி?

மாரிக்கனி சொன்னதுதான். நடுவர் பொய் சொல்லவில்லை. பாட்டு அவர் காதில் விழுந்தது. ஆனால் அது கோட்டுக்கு வெளியே நின்றவர்களின் பாட்டு. பாட்டு ஓடும்போது வயிறு ஒட்டிக்கொண்டே போகும், மூச்சு வாங்கினால் புடைக்கும். அதை அறிந்தவை ஜெபராணியைக் கட்டியிருந்த மாரிக்கனியின் கைகள் மட்டுமே. விசில் வரை பொறுத்திருக்கலாமே என்பீர்கள். விசில் கேட்காமல் பிடித்துக்கொண்டே இருந்ததற்குத்தானே முன்பு அவளை வெளியே அனுப்பப் பார்த்தார் நடுவர்? நடுவர் தீர்ப்பை மாற்றவில்லை. மாரிக்கனியும் களத்தை விட்டு நகரவில்லை. "எல்லாரையும் வாயை மூடச் சொல்லுங்க. நான் திரும்பப் பிடிக்கேன், அவ பாடட்டும்!" என்றாள். ஜெபராணிக்கு அப்போதுதான் தண்ணீர்த் தாகம் எடுத்தது; பாட வரவில்லை. இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்தாள். உதடு தெரியும்படி மாரிக்கனிக்கு நேர் எதிரே வந்து, "அடுத்த ஆட்டத்துக்கும் மூலையில நீதான்ட்டி" என்றாள்.