பூசணிக்காய் மிதந்தது

“இனி அந்தப் பிள்ளைகளோடு என்னால் மாரடிக்க முடியாது, சுவாமி.”

மடத்துப் பள்ளியில் பாடம் நடத்தும் சீடர் சிவக்கொழுந்து மூச்சிரைக்க வந்து நின்றார். வேட்டியெல்லாம் தண்ணீர்.

குருநாதர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“என்ன ஆயிற்று?”

“எது மிதக்கும், எது மூழ்கும் என்று பாடம். தொட்டியில் கல்லைப் போட்டேன். மூழ்கியது. இலையைப் போட்டேன். மிதந்தது. கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்று சொன்னேன். எல்லாரும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார்கள். அந்தச் செங்கமலம் மட்டும் எழுந்து ஓடினாள்.”

“எங்கே?”

“சமையற்கட்டுக்கு. தூக்க மாட்டாமல் ஒரு பூசணிக்காயைத் தூக்கிவந்து தொட்டியில் தொப்பென்று போட்டாள்.”

“மூழ்கியதா?”

சிவக்கொழுந்து வேட்டியைப் பிழிந்தார்.

“எல்லாரும் சிரித்தார்கள், சுவாமி. வெளியே போ என்று கத்திவிட்டேன். ‘இனிமேல் வரவே மாட்டேன்’ என்று சிலேட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.”

குருநாதர் பெருமூச்சு விட்டார். கீரையைத் தள்ளி வைத்துவிட்டுத் தொட்டிக்கு நடந்தார். சீடரும் பின்னால் போனார்.

தொட்டி நடுவில் பூசணிக்காய் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“பூசணிக்காய் ஒரு விதிவிலக்கு” என்றார் சிவக்கொழுந்து.

பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்ட புளியங்கொட்டைகள் தரையில் கிடந்தன. குருநாதர் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அது நேராக அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

“இதுவுமா?”

“சுவாமி, நீங்களுமா!”

குருநாதர் குனிந்து, அடியில் கிடந்த கொட்டையை உற்றுப் பார்த்தார்.

“சரி, நான் சொன்னது தப்பு. அப்படியானால் எதுதான் மூழ்கும்? எதுதான் மிதக்கும்? நீங்களே சொல்லிவிடுங்கள்.” சீடரின் குரல் உயர்ந்துவிட்டது.

“எனக்கு எப்படித் தெரியும்? இப்போதுதானே ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.”

“நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்களே! என்ன சொல்வேன்?”

குருநாதர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“நாளைக் கதை இருக்கட்டும். இப்போதே செங்கமலம் வீட்டுக்குப் போ. அடுத்து எதைப் போட்டுப் பார்க்கலாம் என்று அவளைக் கேள்.”