அப்டேட் செய்யாத தெரு

"புதுசுக்கு ஆள் வரமாட்டேங்குதுங்க டீச்சர். பழசை விட்டு ஆள் நகரமாட்டேங்குது. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கறேனுங்க."

நாச்சிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

பூங்கோதை அவரைவிட இளையவள். முன்பு இருவருக்கும் ஒரே சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கோளாறை அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பிடித்துவிடுவாள். அப்படி வந்த பட்டம்தான் டீச்சர். கேலியாக ஆரம்பித்தது, மரியாதையாக நிலைத்துவிட்டது.

"உள்ள வாங்கண்ணா. எந்த ஆப்பு?"

"நம்ம தண்ணி ஆப்புதானுங்க."

குழாயில் தண்ணீர் வருவதை முதலில் பார்ப்பவர் போனில் ஒரு பொத்தானைத் தொட வேண்டும். உடனே அந்தத் தெருவில் எல்லார் போனும் குரல் கொடுக்கும். அவ்வளவுதான் ஆப். தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாத ஊர் அது. இந்த ஆப்பை நம்பித்தான் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு வந்தார் மனுஷன்.

"புதுசைக் காட்டுங்க."

காட்டினார். அது பெயர் கேட்டது. நம்பர் கேட்டது. ஓடிபி அனுப்பிவிட்டு, வந்ததா என்று கேட்டது. நீல நிறத்தில் ஒரு துளி சொட்டி, ஆடி, அசைந்து காணாமல் போனது. பிறகு, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணில் காட்டும் முன்பே, ஐந்து நட்சத்திரம் தரச் சொல்லிக் கெஞ்சியது.

பூங்கோதை கொட்டாவி விட்டாள்.

"விளம்பரம் பண்ணாம இல்லீங்க. ரீல்ஸ் போட்டேன். கல்யாண வீட்டுல பந்திக்கு நின்னவங்க போனைக்கூட வாங்கி நானே ஏத்திவிட்டேன். ஊட்டுக்குப் போனதும் எடுத்துப்போட்டறாங்க."

"பழசுல இருக்கறவங்க?"

"அவங்கதானுங்க பெரிய ரோதனை! அப்டேட் பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. அவங்களுக்குன்னே ஒரு சர்வர் தனியா ஓடுது. இன்னைக்குச் சாயங்காலம் அதை நிறுத்திப்போடலாம்னு இருக்கேன். வேற வழியில்லாம புதுசுக்கு வந்துதானே ஆகணும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"ஏன் நகரலைன்னு கேட்டீங்களா?"

"பழக்கதோஷமுங்க. வேறென்ன?"

"பழசு உங்ககிட்ட இருக்குதா?"

"அதைச் செஞ்ச லேப்டாப்பே செத்துப்போச்சுங்க. சர்வர் மட்டும் கெடந்து ஓடுது."

பூங்கோதை தன் போனை எடுத்து ஜன்னலில் வைத்தாள். உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள்.

நாச்சிமுத்து குடித்தார். அவள் வாயைத் திறப்பாள் என்று பார்த்தார். அவள் எதிர்வீட்டுக் கூரையில் காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோர் தீர்ந்தது. இதுக்கா இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தோம் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

"அப்பா! தண்ணி வந்துருச்சு! ஓடியா, ஓடியா!"

நாச்சிமுத்து துள்ளி எழுந்துவிட்டார்.

ஜன்னலில் இருந்த போன்தான். அது முடிக்கும் முன்பே பக்கத்து வீட்டில் கேட்டது. பிறகு மாடியில். பிறகு எதிரே இருந்த தையல் யூனிட்டில். தெரு முழுக்க ஒரே குரல். கத்தி முடித்ததும் ஒரு களுக் சிரிப்பு.

ஓவியா.

அவர் மகள். ஆப்பைச் செய்தபோது அவளுக்கு ஐந்து வயது. குழாயடியில் நின்று கத்தியதை அவர்தான் போனில் பிடித்தார். முன்பல் விழுந்த வாயில் காற்று வேறு புஸ்ஸென்று போகும். அதையே ஆப்பில் வைத்தார். விளம்பரம் பார்த்துக்கொடுத்த ஒருவன், 'சின்னப்புள்ள கத்தறது கம்பெனி மாதிரியா இருக்கு?' என்று கேட்டதும், புதுசில் அதை எடுத்துவிட்டு ஒரு மணியோசை வைத்தார். அவர் போனில் எப்போதும் புதுசுதான். அந்தக் குரலைக் கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது ஓவியா விடுதியில் இருக்கிறாள். போன் போட்டால் "ம்", "சரிப்பா", "வெக்கட்டுமா" என்பதற்கு மேல் பேச்சில்லை.

நாச்சிமுத்து மோர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வெளியே குடங்கள் உருண்டன. "பாப்பா கூப்புட்டாச்சு! வாங்க, வாங்க!" என்று ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடினாள்.

"எந்தப் பாப்பா?" என்று வாசலுக்கு வந்து கேட்டார் நாச்சிமுத்து. குரல் பிசிறியது.

"யாருன்னு தெரியாதுங்க," என்றார் தையல் யூனிட்டில் இருந்து வாளியோடு இறங்கியவர். "எங்க தெருப் பாப்பா. அது கூப்புட்டாத்தானுங்க எங்களுக்குத் தண்ணி வந்த மாதிரி."

பூங்கோதை அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு ஒரு குடத்தைத் திணித்தாள்.

"நின்னுட்டே இருந்தா எப்படிங்ணா? புடிங்க."

பிடித்தார். சுமந்தார். சட்டை முழுக்க நனைந்தது. குழாய் ஓய்ந்தது.

பூங்கோதை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சாயங்காலம் நிறுத்தறதுக்கு என்னமோ ஒரு வார்த்தை கேட்டீங்களே?"

நாச்சிமுத்து ஈரக் கையோடு பையைத் துழாவித் தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பழசை இதுல ஏத்திக் குடுங்க டீச்சர். என்கிட்ட இல்லீங்க."