அசாமில் ஒரு வக்கீல்

வக்கீல்கள் இணையத்தில் கூடிப் பேசுவதை வெட்டிப்பேச்சு என்று சீனியர்கள் ஒதுக்கிய காலம் அது. நாமக்கல் வக்கீல் ஞானசிகாமணியிடம் பூங்கோதை ஜூனியராக இருந்தாள். வக்கீல்களின் இணையக் குழு ஒன்றில் அவளுக்குக் கணக்கு இருந்தது.

ஒருநாள் கட்சிக்காரர் பழனியாண்டி பதறி ஓடிவந்தார். அசாமில் பிடிபட்ட அவருடைய ஒரே லாரிக்கு மறுநாள் ஏலம்.

சீனியர் பூங்கோதையைப் பார்த்துச் சிரித்தார். “உன் இணைய சிநேகிதர் யாரையாவது நாளைக்கு அந்தக் கோர்ட்ல நிறுத்தும்மா. முடியலேன்னா உன் கணக்கை மூடிடு.”

மறுநாள் மதியமே, அசாம் வக்கீல் ஒருவர் ஆஜராகி ஏலத்துக்குத் தடை வாங்கிவிட்டார்.

“முன்பின் தெரியாத உன்னை நம்பி எப்படிம்மா ஒருத்தர் ஆஜரானார்?” என்று கேட்டார் சீனியர்.

“என்னை நம்பி இல்லைங்க சார். தீர்ப்புகள்ல வந்த உங்க வாதங்களை உங்க பேரோட ரெண்டு வருஷமா அந்தக் குழுவுல எழுதறேன். அவர் அதைப் படிச்சவர். இப்பக் கணக்கை மூடிடட்டுங்களா?”

ஞானசிகாமணி கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“அவசரப்படாதே. அதுல என் போட்டோ போட்டிருக்கியா?”