பாப்பா உயரத்துக்கு ஒரு குழி

ஊஞ்சக்காட்டுப்புதூர் கிழக்கு வீதியில் யாரிடம் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். சொன்னதில் பாதியைக் காற்றில் விடுகிற நல்ல பழக்கம் மற்ற வீதிகளில் உண்டு. இங்கே கிடையாது. "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று போன கேஸ்காரருக்காக, சொந்த மச்சினன் கல்யாணத்துக்கே போகாமல் வாசலில் இருந்த ஆட்கள் இவர்கள். நான் எதிர்வீட்டுக்காரன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

என் வீட்டுக்கு நேர் எதிரே ஈஸ்வரமூர்த்தி. பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நிலைவாசலில் தலை இடிக்கிற உயரம். மனைவி பூங்கோதை. ஒரே மகள் நேத்ரா, நாலு வயசு. போன வருஷம் பாப்பாவை டவுனில் ஒரு பெரிய பள்ளியில் போட்டார்கள். அங்கே கேள்வி கேட்டால் சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்களாம். நேத்ராவுக்குக் கேள்வி கேட்காமல் மூச்சுவிடத் தெரியாது. சுவரையே பார்த்துப் பார்த்து, கடைசியில் மஞ்சள் வேனைக் கண்டாலே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பூங்கோதை முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையில் தன் கண்ணையும் துடைத்துக்கொள்வாள்.

வீதி முடிகிற இடத்தில், காலி மனையைத் தாண்டினால் 'தளிர்க்கூடம்' என்று ஒரு பள்ளி. பரீட்சை கிடையாது, பிரம்பு கிடையாது, குழந்தை தன் போக்கில் கற்றுக்கொள்ளும். வசுமதி மேடம் நடத்துகிறார். ஒருநாள் சும்மா கூட்டிப்போனதில், நேத்ரா அங்கே மணலில் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தவள் எழுந்து வரமாட்டேன் என்றாள். ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம் இருந்தது.

மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "குழந்தைக்குச் சொல்லித் தர்றது எங்க வேலை. அதுக்கு முன்னாடி பெத்தவங்க கத்துக்கணும். நீங்க பெற்றோர் கூட்டத்துக்கு வாங்க. அப்புறம் நான் உங்க வீட்டுக்கு வருவேன். குழந்தைய எப்படி நடத்தறீங்கன்னு பார்த்துட்டுத்தான் சீட்டு."

கூட்டத்துக்குப் பூங்கோதையும் ஈஸ்வரமூர்த்தியும் போனார்கள். பக்கத்து வீட்டுத் திருமூர்த்தியும் அவர் சம்சாரம் லோகநாயகியும் கூடப் போனார்கள். திருமூர்த்தி பொக்லைன் வண்டி வைத்து மண் வெட்டுகிறவர். அவர்கள் பையன் காலேஜே முடித்துவிட்டான். ஆனால் கூட்டத்தில் சுண்டல் கொடுத்தார்கள்.

மேடம் நல்ல விஷயங்களைத்தான் சொன்னார். குழந்தையிடம் பேசும்போது உங்கள் கண் அதன் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். குழந்தையின் கால் எப்போதும் தரையில் பதியட்டும். குழந்தை ஒரு வேலையில் மூழ்கியிருந்தால் குறுக்கிடாதீர்கள். தன்னால் முடிந்ததைத் தானே செய்யட்டும், விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். சும்மா சும்மா பாராட்டாமல் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அதட்டாமல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இதிலெல்லாம் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள். வேறு எந்த வீதியில் சொல்லியிருந்தாலும் குழந்தைகள் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். நேத்ரா சுவரில் கரிக்கட்டியால் ஒரு யானை வரைந்தாள். ஈஸ்வரமூர்த்திக்கு "அடி என் தங்கமே" என்று தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "சுவத்துல ஒரு கோடு இருக்குது. கோடு வளையுது" என்றார்.

"அப்பா, அது ஆனை."

"ஆனைங்கறே."

"நல்லா இருக்கா?"

"கேள்வி கேக்கறே."

பாப்பா அப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு யானைக்கு வால் போடப் போய்விட்டாள்.

பூங்கோதை தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையைக் கையில் எடுத்தாள். "கண்ணு, குளிக்கிறியா, குளிக்காம இருக்கியா?" நேத்ரா ரொம்ப யோசிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் குளியல் இல்லை.

இதையெல்லாம்கூடச் சமாளித்தார்கள். கண்ணுக்கு நேர் கண்தான் ஆளைக் கொன்றது. ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குள் முட்டி போட்டே நடந்தார். முட்டி இரண்டும் வீங்கி, கடையில் பெயிண்ட் டப்பா எடுக்க எழ முடியாமல் வாடிக்கையாளரையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை மேடம் வரப்போகிறார் என்று தெரிந்ததும் நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும்படிதான் ஆலோசனை நடந்தது.

"ஒண்ணு பாப்பா மேல வரணும். இல்லீன்னா நாம கீழ போகணும்," என்றார் திருமூர்த்தி.

"ஸ்டூல் மேல நிக்க வெச்சுடலாமுங்களா?" என்றாள் பூங்கோதை.

"கொழந்தை காலு தரையில பதியணும்னு மேடம் சொன்னாங்களே, மறந்துட்டியா?" என்றாள் லோகநாயகி.

"அப்ப நம்ம காலு தரைக்குக் கீழ பதியட்டும்," என்றார் திருமூர்த்தி.

இத்தனை நாள் முட்டியைத் தேய்த்தோமே, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று ஈஸ்வரமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

ஹாலில் குழி வெட்டுவதென்று முடிவானது. ஆழத்துக்கு அளவு வேண்டுமே. பாப்பா அப்போது தரையில் உட்கார்ந்து மொச்சைக்கொட்டையை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நின்னாத்தான சரியா அளக்க முடியும். எந்திரிக்கச் சொல்லுங்க," என்றார் திருமூர்த்தி.

"வேலையில மூழ்கியிருக்கா. எப்படிண்ணா சொல்றது?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

நியாயம்தானே. உட்கார்ந்தபடியே அளந்தார்கள். அதனால் ஈஸ்வரமூர்த்திக்கான குழி அவர் நெஞ்சளவு வந்துவிட்டது. பூங்கோதை குள்ளம் என்பதால் அவளுக்குத் தனியாக இடுப்பளவில் ஒன்று. டைல்ஸைப் பெயர்த்து, கடப்பாரையும் மண்வெட்டியுமாய் ஆம்பளைக் குழி, பொம்பளைக் குழி என்று, நடந்துகொண்டே பேச வசதியாக இரண்டு கால்வாய்கள் ஹாலில் அக்கம்பக்கமாக ஓடின. திருமூர்த்தி பொக்லைனை உள்ளே விடவே பார்த்தார். நல்லவேளை, வாசல்கால் இடித்தது.

குழியில் இறங்கி நின்று ஈஸ்வரமூர்த்தி, "கண்ணு, இங்க வா" என்று பெருமையாகக் கூப்பிட்டார். மண்ணைக் கண்ட சந்தோஷத்தில் நேத்ரா ஓடிவந்து தொபுக்கென்று குழிக்குள்ளேயே குதித்துவிட்டாள். இப்போது அவள் கண் அப்பாவின் இடுப்புக்கு வந்தது.

"இன்னும் ஆழமா வெட்டலாமா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"வெட்டுனா அதுக்குள்ளயும் குதிப்பாளே," என்றாள் லோகநாயகி.

வேறு வழியில்லாமல் ஈஸ்வரமூர்த்தி குழிக்குள் முட்டி போட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று குழியில் ஏறி இறங்க வைத்திருந்த ஏணியைக் கொல்லையில் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். நானும் வேடிக்கை பார்க்க வாசலில் போய் நின்றேன். எல்லோரும் ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம், நேத்ரா உள்ளே இருந்து பவானி ஜமக்காளம் ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்தாள். விருந்தாளி வந்தால் ஜமக்காளம் விரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். விரித்தாள். ஹாலில் வேறு எங்கே இடம்? ஆம்பளைக் குழியின் மேல்தான். நாலு மூலையிலும் மொச்சைக்கொட்டை டப்பாக்களை வைத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு சுருக்கம் சுருக்கமாக நீவி விட்டாள்.

"ஏனுங், குழி மேல விரிக்கிறா," என்று கிசுகிசுத்தாள் பூங்கோதை.

"மூழ்கியிருக்கா," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"மேடம் வந்துட்டா என்னங்க பண்றது?"

"முடிக்கட்டும், சொல்லிக்கலாம்."

பாப்பா கடைசிச் சுருக்கத்தை நீவவும் மேடம் படியேறவும் சரியாக இருந்தது. வசுமதி மேடத்தின் பார்வை நேராகச் சுவருக்குப் போனது. கரி யானையை ரசித்துக்கொண்டே நடந்தார். பூங்கோதை வாயைத் திறந்தாள். லோகநாயகி அவள் கையை அழுத்தினாள். "சும்மா இரு பூங்கோதை. மேடமும் மூழ்கியிருக்காங்க."

அப்புறம் ஜமக்காளமும் மேடமும் சேர்ந்தே மூழ்கினார்கள்.

அடிபடவில்லை, ஜமக்காளம் தாங்கிவிட்டது. ஆனால் மேடம் பூங்கோதையை விடக் குள்ளம். தரைக்கு மேலே தலை மட்டும்தான் தெரிந்தது. "ஐயோ! யாராவது கை குடுங்க!" என்று கத்தினார்.

நாலு பேரும் ஓடவில்லை. நிதானமாகப் போய்ப் பக்கத்தில் நின்றார்கள்.

"மேடம், நீங்க குழியில விழுந்திருக்கீங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "ஒரு செருப்பு மேல இருக்குது. தலையில மண்ணு இருக்குது."

"எனக்குத் தெரியுதுங்க! தூக்குங்க!"

"உங்களுக்குக் கோவம் வந்திருக்குது," என்றார் திருமூர்த்தி மென்மையாக.

சீட்டு இந்த நிமிஷத்தில்தான் இருக்கிறது, ஒரு தப்புகூடச் செய்துவிடக் கூடாது. பூங்கோதை குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மேடம், ஏணி வேணுமுங்களா, இல்ல உள்ளயே இருக்கறீங்களா?"

"ஏணி! ஏணி! ஏணி!"

"தேர்ந்தெடுத்துட்டாங்க!" என்று லோகநாயகிக்கு ஒரே பூரிப்பு. "ஏணி கொல்லையில இருக்குதுங்க மேடம். நீங்களே போயி எடுத்துக்கலாம்."

மேடத்தின் வாயிலிருந்து அப்போது வந்த ஒரு வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் அதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேத்ரா வந்து குழி ஓரத்தில் குப்புறப் படுத்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கண்ணுக்கு நேராகக் கண், நூல் பிடித்த மாதிரி.

"அமஞ்சிருச்சு பாருங்க!" என்றார் திருமூர்த்தி. தான் வெட்டிய குழியை நினைத்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மிஸ், உங்களுக்கு ஏற வரலியா?" என்றாள் நேத்ரா.

"வரலடா கண்ணு."

பாப்பா எழுந்து போய்த் தன் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிவந்து குழிக்குள் போட்டாள். மேடம் அதன் மேல் ஏறி, எப்படியோ உருண்டு தரைக்கு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து நாலு பெரியவர்களையும் பார்த்தார். பிறகு நேத்ராவை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணுக்குச் சீட்டு குடுக்காம விட்டா அது மகா பாவம். திங்கட்கிழமை அனுப்புங்க," என்றார்.

பூங்கோதை விம்மி விம்மி அழுதாள், சந்தோஷத்தில். மேடம் ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி வெளியே போனவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. தயவுசெஞ்சு இனிமே நான் சொல்றது எதையும் கேக்காதீங்க."

போய்விட்டார்.

"திங்கக்கிழமை அனுப்பச் சொன்னாங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி மெதுவாக. "ஆனா அவங்க சொல்றத இனிமே கேக்கக் கூடாது."

"அப்ப அனுப்பக் கூடாதா?" பூங்கோதை இப்போது நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். "கைக்கு வந்தது போச்சே! என் கொழந்தை மறுபடியும் அந்த மஞ்ச வேன்லயா போகணும்?"

"அழாத பூங்கோதை. அனுப்புங்கன்னது மொதல்ல, கேக்காதீங்கன்னது பொறவு," என்றாள் லோகநாயகி.

"திங்கக்கிழமை அதுக்கும் பொறவுதானே வருது?" என்றார் திருமூர்த்தி.

"அவங்க கேக்காதீங்கன்னு சொன்னதையே கேக்காம விட்டா என்னங்க?" என்றாள் பூங்கோதை மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்த ஒரு நொடி எனக்குத் திக்கென்றது, கிழக்கு வீதி தெளிந்துவிடுமோ என்று.

"குழப்பாத அம்மிணி," என்றார் ஈஸ்வரமூர்த்தி. நான் மூச்சு விட்டேன். "நாம அனுப்ப வேண்டாம். பாப்பா அவ போக்குல போகட்டும். நாம சும்மா அவகூடப் பேசிக்கிட்டே வருவோம்."

"ரோட்டு மேல நடந்து பேசுனா கண்ணுக்கு நேரா கண்ணு வராதே," என்றாள் லோகநாயகி.

எல்லோரும் திருமூர்த்தியைப் பார்த்தார்கள். திருமூர்த்தி வாசலில் நின்ற பொக்லைனைப் பார்த்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீதியில் ஒருவரும் கண்மூடவில்லை. என் வீட்டுத் தண்ணீர்க் குழாய் போனது, டெலிபோன் கம்பி போனது, வேப்பமரம் ஒன்று சாய்ந்து படுத்தது. வீட்டு வாசலில் ஆரம்பித்து வீதி ஓரமாகவே போய், காலி மனையைக் கிழித்துக்கொண்டு, தளிர்க்கூடம் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது கால்வாய். இந்த முறை எதற்கும் இருக்கட்டுமென்று இன்னும் ஒரு முழம் ஆழம் சேர்த்திருந்தார் திருமூர்த்தி.

திங்கட்கிழமை காலை. நேத்ரா குளித்து, பையை மாட்டிக்கொண்டு, கால்வாயின் கரை மேலே துள்ளித் துள்ளி நடந்தாள். வாந்தி கீந்தி ஒன்றும் இல்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனாள். கீழே நாலு தலைகள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போயின.

மேடம் கேட்டருகே நின்றிருந்தார். காலடியில் மண் சரிகிற சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தார்.

"வணக்கமுங்க மேடம்," என்றார் ஈஸ்வரமூர்த்தி குழிக்குள்ளிருந்து, அண்ணாந்து. "நீங்க சொன்னதக் கேட்டு வரலீங்க. நாங்களா வந்தோம்." பிறகு நாலு பக்கமும் பார்த்தார். "ஏனண்ணா, ஏணி கொண்டாந்தீங்களா?"

"கொல்லையில இருக்குது," என்றார் திருமூர்த்தி.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை, நல்ல பெண்மணி. குனிந்து பூங்கோதைக்குக் கையை நீட்டினார்.

நேத்ரா ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தூக்காதீங்க மிஸ். பக்கத்துல நில்லுங்க. அவங்களே ஏறுவாங்க."

மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனபோது நாலு பேரும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கால்வாய்க்குப் பக்கத்தில் மேடம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.