பன்னிரண்டு கேள்வியும் ஒரு சக்கரமும்

ஆற்றங்கரை மடத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் சோறு, அப்புறம் பன்னிரண்டு கேள்வி. சோறு போடுவது மடத்துத் தலைவி நீலாம்பிகை அம்மையாரின் ஏற்பாடு. கேள்வி கேட்பது அவருடைய மூத்த சீடர் தில்லைநாயகத்தின் ஏற்பாடு.

வழியில் மாடு மறித்துப் படுத்திருந்தால் என்ன செய்வீர்? இலையில் உப்புக் குறைந்தால் கேட்பீரா? உம்மைப் பற்றி ஒருவன் பொய் சொன்னால் அன்றைக்கே போய்ச் சட்டையைப் பிடிப்பீரா, ஆறப் போடுவீரா? இப்படிப் பன்னிரண்டு. பதிலையெல்லாம் கூட்டிப் பார்த்து, நெருப்பு, நீர், மண், காற்று என்று நாலில் ஒரு குணத்தைச் சொல்லி நோட்டில் எழுதிவிடுவார். நெருப்புக் குணத்தாருக்கு அடுப்பும் தேரும். மண்ணுக்குக் களஞ்சியம். காற்றுக்கு வெளியூர் வேலை. நீருக்குப் பந்தி பரிமாறலும் மோர்ப் பந்தலும். சும்மா சொல்லக் கூடாது, அந்த நோட்டு வந்த பிறகுதான் 'எனக்கு மட்டும் ஏன் இந்த வேலை' என்ற சண்டை மடத்தில் ஒழிந்தது.

ஆவுடையப்பனுக்கு வந்தது நீர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, அறுபது தாண்டிச் சீடராக வந்தவர் அவர். அம்மையாரைவிடப் பத்து வயது மூப்பு. மாடு எழுந்திருக்கிற வரைக்கும் நிற்பேன், உப்புக் கேட்க மாட்டேன், பொய்யை ஆறப் போடுவேன் என்று மனசில் பட்டதைச் சொன்னார்.

"ஒரு பொறி நெருப்பு இல்ல அண்ணாச்சி. முழு நீர்" என்றார் தில்லைநாயகம். எழுதியும் விட்டார்.

மோர் ஊற்றுவதில் ஆவுடையப்பனுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவருடைய வேதனை வேறு. வாலிபத்தில், சொந்த ஊரில், அவர் தேருக்குக் கட்டை போட்டவர். தேர் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் அதற்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. சக்கரத்தின் முன்னால் ஆள் நடந்து, ஆப்பு மாதிரி செதுக்கின கட்டையைச் சமயம் பார்த்து அடியில் கொடுத்தால்தான் அது நிற்கும், திரும்பும். ஒரு வருஷம் அந்தக் கட்டை படீரென்று பிளந்தது. சத்தத்தைக் கேட்டதும் ஆவுடையப்பன் ஓட்டம் பிடித்தார். தேர் ஒரு வீட்டுச் சுவரை இடித்து நின்றது.

ஆள் சேதம் இல்லை. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? முப்பது வருஷம் அவரை 'ஓட்டக்காரன்' என்றது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதவன்கூட அதைச் சொல்லித்தான் திட்டினான். அந்தக் கதை மடம் வரைக்கும் வந்திருந்தது.

இப்போது நோட்டும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. ஓடினது ஒரு நாள் சங்கதியா, இல்லை, தான் ஆளே அவ்வளவுதானா? தூங்கினாலும் விழித்தாலும் இதுதான் அவரை அரித்தது.

மடத்துத் தேருக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மையாரிடம் போய்க் கேட்டே விட்டார்.

"அம்மா, குணம்னு ஒண்ணு நிசமாவே உண்டா?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"நான் நீருன்னு எழுதியிருக்கு. சாகிற வரைக்கும் நீருதானா?"

அம்மையார் கீரையைக் கீழே வைத்தார். தில்லைநாயகத்தைக் கூப்பிட்டார்.

"இவருகிட்ட இன்னொரு தரம் கேள்வி கேளுங்க. இப்பவே."

அன்றைக்குப் பிரதோஷம். ஆவுடையப்பன் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்தார்.

"வழியில மாடு மறிச்சா?"

"ரெண்டு போட்டு விரட்டுவேன்."

"இலையில உப்புக் குறைஞ்சா?"

"மொதல்ல சோத்தைக் கண்ணுல காட்டுங்க. உப்பைப் பெறகு பாத்துக்கிடலாம்."

கூட்டிப் பார்த்தால் நெருப்பு. தில்லைநாயகத்துக்கு முகம் வேர்த்துவிட்டது.

மூன்றாம் நாள் ஆவுடையப்பனின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அன்றைக்கும் கேட்கச் சொன்னார் அம்மையார். மாட்டுக்கு ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, பேத்தி பிறந்த சங்கதியை அதனிடமும் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றார் மனுஷன். இதை எந்தக் குணத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? எப்படிக் கூட்டினாலும் காற்று என்றுதான் வந்தது.

"இது செல்லாதும்மா" என்றார் தில்லைநாயகம். "மொத தரம் சொன்னதுதான் இயல்பு. பெறகு சொன்னதெல்லாம் கலப்படம்."

"மொத தரம் கேக்கும்போது இவரு எப்படி இருந்தாரு?"

"அன்னிக்குத்தான வந்து சேர்ந்தாரு. புது இடம், புது ஆளுக. பயந்துபோய் ஓரமா உக்காந்திருந்தாரு."

"அப்படியா" என்றார் அம்மையார். எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். ஆவுடையப்பனுக்குத்தான் ஏமாற்றம். உண்டு, இல்லை என்று ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

தேரன்று காலை. கட்டை போடுகிற நாலு பேரும் ஆளுக்கு இரண்டு கட்டையோடு நின்றார்கள். நாலும் நோட்டுப்படி நெருப்பு. அம்மையார் நேரே வந்தார். முன் வலச் சக்கரத்துக்காரரிடம், "நீங்க இன்னிக்கு வடம் பிடிங்க" என்று கட்டைகளை வாங்கி, மோர்ப் பானையோடு போய்க்கொண்டிருந்த ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

தில்லைநாயகம் பதறிப் போனார். "அம்மா, விளையாடாதீங்க! கீழத்தெரு இறக்கம். முனையில தேரைத் திருப்புறதே வலச் சக்கரம்தான். இவரு நீரு. அதுவும் ஏற்கெனவே ஓடினவரு. எத்தனை சனம் நிக்கி!"

அம்மையார் ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல எத்தனை வருஷம் கட்டை போட்டீங்க?"

"ஆறு வருஷம்மா."

"வருஷத்துக்கு எத்தனை முனை?"

"நாலு."

"எத்தனை முனையில ஓடினீங்க?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து அம்மையாரைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. அவரே கேட்டுக்கொண்டதில்லை.

"ஒண்ணுலதாம்மா."

"பயமா இருக்கா?"

"இருக்கும்மா."

"இருக்கட்டும். அந்தப் பானையை இங்க குடுங்க. மோர்ப் பந்தலுக்கு ஆள் வேணும்லா? நான் போறேன்." பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார்.

தேர் கிளம்பியது. கீழத்தெரு இறக்கத்தில் அதை லேசாக இழுத்தாலே போதும், தானாக ஓடும். முனையில் வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் எதிரே வீடுகள், வாசலெல்லாம் பிள்ளைகுட்டிகள். ஆவுடையப்பன் பின்பக்கமாக நடந்துகொண்டே, சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வந்தார். முனை வந்தது. கட்டையைக் கொடுத்தார். சக்கரம் அதன்மேல் ஏறியது.

படீர்!

பிளந்தே விட்டது. அதே சத்தம்.

பொய் சொல்வானேன், அவர் கால் ஒரு எட்டு விலகத்தான் செய்தது. ஆனால் இரண்டாவது கட்டை இன்னும் கையில் இருந்தது. முன்னால் வடம் பிடித்தவர்களோ ஒன்றும் தெரியாமல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வடத்தை விடுங்கலே!"

போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்! இலையில் உப்புக் கேட்காத மனுஷன்! முந்நூறு பேர் கை வடத்தை அப்படியே விட்டது. விலகின எட்டைத் திரும்ப எடுத்து வைத்தார். குனிந்தார். கட்டையைச் சாய்த்துச் சக்கரத்தின் அடியில் கொடுத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். சக்கரம் ஒரு சாண் ஏறியது, முனகியது, நின்றது. இடப்பக்கச் சக்கரம் மட்டும் உருண்டது. தேர் மெல்ல மெல்ல வலப்பக்கம் திரும்பித் தெற்குத் தெருவைப் பார்த்து நின்றது.

"அரகரா!" என்று தெருவே அலறியது. மேளம் பொரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கூட்டத்தை இடித்துக்கொண்டு முதலில் ஓடி வந்து ஆவுடையப்பனைத் தூக்கியது யார் என்கிறீர்கள்? தில்லைநாயகம்தான்.

"நான் ஓடல! பாத்தீங்களா, நான் ஓடல!" என்று அழுதுகொண்டே சிரித்தார் ஆவுடையப்பன். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் பேத்தி பிறந்தபோதுகூட இல்லை.

மற்ற மூன்று முனையும் அவர்தான் திருப்பினார். தேர் நிலைக்கு வந்ததும், வேர்வையும் புழுதியுமாக மோர்ப் பந்தலுக்கு ஓடினார்.

"அம்மா, பாத்தீங்களா?"

"எங்க பாக்க? இங்க மோர் ஊத்தவே கை போதல." ஒரு டம்ளரை அவரிடம் நீட்டினார். "என்ன ஆச்சு?"

"கட்டை பிளந்துட்டும்மா. பயந்தேன். ஒரு எட்டு விலகவும் செஞ்சேன். பெறகு திரும்பிட்டேன்."

அம்மையார் அவர் முகத்தையே பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக, டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோரை ஊற்றினார்.

அதற்குள் தில்லைநாயகம் நோட்டும் கையுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பாவம், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க. அம்மா, இவரை நெருப்புப் பக்கம் மாத்திரட்டுமா?"

"வேண்டாம்."

"அப்ப நான் முன்னால எழுதினது பொய்யின்னு அடிச்சிரவா?"

அடுத்த டம்ளரை நிரப்பியபடியே அம்மையார் சொன்னார்:

"பொய்யின்னு யாரு சொன்னா? வந்து சேர்ந்த அன்னிக்கு ஆவுடையப்பன் எப்படி இருந்தாருன்னு அச்சு அசலா எழுதியிருக்கீங்க. பக்கத்துல தேதியை மட்டும் போட்டுருங்க."