செம்பாயி கேட்ட பதினாறு முழம்

வாருங்கள், உட்காருங்கள். நாளைக்குக் கடைக்குப் போய்த் துணி எடுக்கப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் வாருங்கள். இந்தக் கதை முக்கியமாக உங்களுக்குத்தான்.

ராஜாக்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்தில், வலம்புரிப் பட்டணம் என்று ஒரு கடற்கரைப் பட்டணம் இருந்தது. அங்கே துணிக்கடைத் தெருவில் ஒரு வழக்கம். கடைக்காரர் தன் கையால் முழம் போடுவார். அவர் கத்தரியை எடுத்ததும் வாங்குகிறவர் கப்சிப் என்று நிற்க வேண்டும். துணியில் கத்தரி வைக்கும் நேரத்தில் வாய் திறந்தால் அந்தத் துணி வீட்டுக்கு ஆகாதாம். யார் சொன்னது? கடைக்காரர்கள்தான் சொன்னார்கள். வேறு யார் சொல்வார்கள்!

வாங்குகிறவர் வாய் மூடியிருந்தால் கடைக்காரர் கைக்குக் கொண்டாட்டம். முழம் போடும்போது துணியை விண்ணென்று இழுப்பார்கள். முழத்துக்கு முழம் கட்டைவிரலைப் பின்னால் நகர்த்துவார்கள். வெட்டும்போது கத்தரியைக் கோணலாக ஓட்டுவார்கள். ஊரே பார்த்தது. ஊரே வாயை மூடிக்கொண்டு போனது.

செம்பாயியும் அப்படித்தான் போனாள். அவள் புருஷன் கூத்தன் பாய்மரப் படகில் கடலுக்குப் போகிறவன். போன வருஷம் பாய் தைக்க அவள் பதினாறு முழம் எடுத்தாள். கடைக்காரர் இழுத்ததைக் கண்ணால் பார்த்தாள். அபசகுனத்துக்குப் பயந்து பேசாமல் நின்றாள். வீட்டுக்கு வந்து விரித்தால் ஒரு முழம் குறைந்தது. குறைந்த இடத்தில் பழந்துணியை வைத்து ஒட்டுப் போட்டார்கள். நடுக்கடலில் காற்று அடித்தது. ஒட்டுப் போட்ட இடத்தில்தான் பாய் கிழிந்தது. படகு கவிழ்ந்தது. கூத்தன் ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குற்றுயிராகக் கரை ஒதுங்கினான்.

ஊரார் அதை விதி என்றார்கள். செம்பாயி ஒருத்திதான் அதை முழம் என்றாள்.

இந்த வருஷம் கூத்தன் புதுப் படகு கட்டினான். செம்பாயி காதில் கிடந்ததைக் கழற்றி விற்றுவிட்டுத் துணிக்கடைத் தெருவுக்கு நடந்தாள். இந்தத் தடவை வாயை மூடுவதில்லை என்று முடிவோடுதான் நடந்தாள்.

முதல் கடையில், "இழுக்காம முழம் போடுங்க" என்றாள். வெளியே போ என்றார்கள். இரண்டாம் கடையில், "கட்டைவிரலை நகர்த்தாம முழம் போடுங்க" என்றாள். பைத்தியம் என்றார்கள். மூன்றாம் கடை பொன்னம்பலத்தாருடையது. தெருவிலேயே பெரிய கடை, தெருவிலேயே பெரிய வணிகர். அவர் பேசாமல் சிரித்துக்கொண்டே துணியை இழுத்து இழுத்துப் பதினாறு முழம் போட்டார். கத்தரியைக் கையில் எடுத்தார். கடையில் இருந்தவர்களும், துணி விற்க வந்து ஓரமாகக் காத்திருந்த நெசவாளர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நிறுத்துங்க!" என்றாள் செம்பாயி. கத்தரி வரும் பாதையில் தன் கையை விரித்து வைத்தாள். "இது பதினாறு முழம் இல்லை. வெட்டுறதா இருந்தா என் கையையும் சேர்த்து வெட்டுங்க."

பொன்னம்பலத்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. "கத்தரி வைக்கிற நேரத்துல அபசகுனமா கத்துறியே! உன்னால என் கடைக்கே ஆகாமப் போயிடும். வா அரண்மனைக்கு!" என்று குதித்தார். "வாங்க போவோம், துணியையும் எடுத்துக்குங்க" என்று சொல்லி அவருக்கு முன்னால் நடந்தாள் செம்பாயி.

ராஜா வழக்கைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். "ஒரு முழத் துணிக்காகவா அம்மா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"ஒரு முழந்தான் மகாராஜா. அந்த ஒரு முழம் இல்லாமத்தான் என் வீட்டுக்காரர் பலகையைப் பிடிச்சிக்கிட்டுக் கடல்ல கிடந்தார். உங்களுக்கு அது சின்னதாத் தெரிஞ்சா, நீங்க ஒருநாள் எங்க படகுல வந்து பாருங்க."

சபை நடுங்கியது. ராஜாவுக்குக் கொட்டாவி போய்விட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, துணியைத் தன் முன்னால் மறுபடி அளக்கச் சொன்னார். பொன்னம்பலத்தார் விண்ணென்று இழுத்து அளந்தார். கடையில் கத்தரி வைக்கப் போன இடத்தில் பதினாறு முழம் சரியாக வந்தது.

"பார்த்தீர்களா அரசே! துணி என்றால் இழுத்துப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். அதுதான் எங்கள் தொழில் முறை."

செம்பாயி கேட்டாள்: "இதுதான் முறையா?"

"இதுதான்."

"என்னைக்கும் இதுதானா?"

"என்னைக்கும் இதுதான்."

"எல்லாருக்கும் இதுதானா?"

"எல்லாருக்கும் இதேதான்! போதுமா?"

"போதும்" என்றாள் செம்பாயி. ராஜாவின் பக்கம் திரும்பினாள். "மகாராஜா, இன்னைக்கு இவர் கடைக்கு நெசவாளருங்க துணி விக்க வந்திருக்காங்க. முழத்துக்கு இவ்வளவுன்னு பேசித்தான் இவர் வாங்குறார். அவங்களை இங்கேயே கூப்பிடுங்க. இதே முறையில, இதே மாதிரி இழுத்து அளந்து, உங்க கண் முன்னால இவர் வாங்கட்டும்."

நெசவாளர் ஒருவர் வந்தார். சபை நடுவில் துணியை விரித்தார். பொன்னம்பலத்தார் அளக்கத் தொடங்கினார். இத்தனை வருஷப் பழக்கம், கை தன் போக்கில் போனது. கொஞ்சமும் இழுக்கவில்லை. துணியைத் தொளதொளவென்று விட்டு, விரலுக்கடியில் சுருக்கிச் சுருக்கி அளந்தார்.

"ஏன் இழுக்கவில்லை?" என்று கேட்டார் ராஜா.

பொன்னம்பலத்தார் கையைப் பார்த்தார். இழுத்தால் முழம் கூடும், நெசவாளருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இழுக்காவிட்டால் சொன்ன சொல் பொய்யாகும். வாய் தானாக உளறிவிட்டது. "அரசே... அது வந்து... வாங்குற முழம் வேற, விக்கிற முழம் வேற."

நெசவாளர் தலையில் அடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"இன்று முதல் ஒரு வருஷம் நீர் முறையை மாற்றிக்கொள்ளும். நெசவாளரிடம் வாங்கும்போது இழுத்து அளந்து வாங்கும். விற்கும்போது தளர விட்டு அளந்து கொடும். இந்தப் பட்டணத்தில் எந்தக் கடையிலும், வாங்குகிறவர் வாய் திறந்து 'வெட்டு' என்று சொன்ன பிறகுதான் கத்தரி துணியைத் தொட வேண்டும்."

பிறகு செம்பாயியைப் பார்த்து, "உன் துணிச்சலுக்குப் பரிசாக ஒரு பட்டுப்புடவை தருகிறேன்" என்றார்.

"இனாம் வேண்டாம் மகாராஜா. நான் விலை கொடுக்கிற பதினாறு முழம் எனக்கு வந்தாப் போதும்."

அங்கேயே, சபை நடுவிலேயே துணியை விரித்தார்கள். இழுக்காமல், விரல் நகராமல், கோணாமல் அளந்தார்கள். பொன்னம்பலத்தார் கத்தரியைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பாயி குனிந்து இந்தக் கரையைப் பார்த்தாள். அந்தக் கரையைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. ராஜாவும் காத்திருந்தார்.

"வெட்டு" என்றாள்.

கேட்டீர்களா? நமக்கு உரிய அளவைக் கேட்க விடாமல் வாயை அடைக்கும் வழக்கம் எதுவானாலும், அதை மீறிக் கேட்பதே அறம்.